நிலத்தடி நீரும் அதன் குடிமக்களும்

'கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது' என்பது நம் பழமொழி. ஒன்றை நாடிச் செல்லும்போது எதிர்பாராத வேறொன்று எதிரே வந்து நிற்பதைக் குறிக்க இதனை வழங்குகிறோம். கேரளத்தின் கோட்டயத்தில் இப்பழமொழி ஒருவகையில் மெய்யாயிற்று. அங்குள்ள கிணற்று நீரில் கண்களே இல்லாத, குருதிச் சிவப்பான, நான்கு சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு கெளுத்தி மீன் கிடைத்தது. 1950ஆம் ஆண்டில் விலங்கியல் அறிஞர் ஏ.ஜி.கே. மேனன் அதற்கு 'ஹோராகிளானிஸ் கிருஷ்ணை' என்று பெயரிட்டார். மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோராவின் பெயர் அதில் நிலைபெற்றது. அதே ஆண்டில், காசி நகரத்துக் கிணறுகளில் கிடைத்த, இறால் இனத்துக்கு உறவான கண்ணில்லா உயிர் ஒன்று 'நிகோல்சியா காசியென்சி' என்று பெயர் பெற்றது.

இவை மேலிருந்து கிணற்றில் விழுந்தவை அல்ல; கீழிருந்து வந்தவை. நாம் கிணறு என்று அழைப்பது அவற்றின் உலகத்தில் நாம் திறந்த ஒரு சாளரமே. அச்சாளரத்துக்கு அப்பால், பாறை வெடிப்புகளிலும் மணற்பரல்களின் இடைவெளிகளிலும் நிறைந்து நிற்கும் நீரில், அவை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. நீரைத் தாங்கி நிற்கும் இவ்வடுக்குகளை 'நீர்தாங்கிகள்' என்கிறோம். அவற்றின் நீர் எவ்வாறுள்ளதோ அவ்வாறே அங்குள்ள வாழ்வும் அமைகிறது. ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வளர்ந்த பெங்களூரு மாநகருக்கு இவ்வுண்மை தொலைவில் உள்ள ஒன்றன்று.

பாறைமேல் எழுந்த நகரம்

பெங்களூருவின் லால்பாக் தோட்டத்துக்குச் செல்வோர் அங்குள்ள பெரும்பாறையின் மீது ஏறி நிற்பது வழக்கம். அதன் உச்சியில் கெம்பே கௌடரின் பெயர் தாங்கிய கோபுரம் ஒன்றும் உண்டு. அப்பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதனைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. தீபகற்ப நைஸ் எனப்படும் இப்பாறையே நகரின் பெரும்பகுதிக்கும் அடித்தளம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், பேராறு எதுவும் அருகில் ஓடாத மேட்டு நிலத்தில் இந்நகரம் அமைந்தது. ஆகவே ஏரிகளும் கிணறுகளுமே அதன் உயிர்நாடியாக இருந்தன.

இக்கடினப் பாறை நிலத்தின் அமைப்பை இரண்டு அடுக்குகளாகக் காணலாம். மேலடுக்கு, காலப்போக்கில் வெயிலாலும் மழையாலும் நைந்து உதிர்ந்த பாறை. பஞ்சு போல் நீரை உறிஞ்சி வைக்கும் இவ்வடுக்கே நிலத்தடி நீரின் முதன்மைக் களஞ்சியம். முற்காலத்துத் திறந்த கிணறுகள் இதனைத் தொட்டே ஊறின. அதன் கீழ் நிற்பது கெட்டிப் பாறை. அங்கு வெடிப்புகளில் மட்டுமே நீர் உண்டு. ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் அருகும்; ஒன்றோடொன்று கொண்ட தொடர்பும் குறையும்.

1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும், 1974இல் காவிரி நீரும் துணை சேர்ந்தன. நீர் தொலைவிலிருந்து வரத் தொடங்கியதும் அருகிலிருந்த ஏரிகளின் மதிப்புக் குறைந்தது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்துள்ளது. ஏரி மறைந்தபோது, அது நிலத்துக்குள் இறக்கிக் கொண்டிருந்த நீரும் நின்றது. குழாய் நீர் எட்டாத புறநகர்கள் ஆழ்துளைக் கிணறுகளை நாடின. நூறு அடியில் கிடைத்த நீருக்கு ஆயிரம் அடிக்கு மேல் துளையிட வேண்டிய நிலை பல பகுதிகளில் வந்தது.

இருளில் வாழ்வதற்கு வேண்டியவை

நிலத்தடி நீரில் வாழும் விலங்குகளுக்கு நான்கு தேவைகள் உண்டு. இவற்றுள் எது குறையினும் அங்கு வாழ்வு மெலியும்.

முதலாவது இடம். நீர் இருந்தால் மட்டும் போதாது. நீந்தவும் ஊரவும் இடைவெளி வேண்டும். களிமண்ணில் நீர் மிகுதியாக இருப்பினும் அதன் துளைகள் மிக நுண்ணியவை. பருமணல், சுண்ணாம்புப் பாறை, செம்புரைக்கல், நைந்த பாறை, வெடிப்புள்ள பாறை ஆகியவையே இவ்வுயிர்களின் உறைவிடங்கள். இடத்துக்கு ஏற்பவே உடலும் அமைகிறது. ஆற்று மணலின் இடுக்குகளில் வாழும் பாத்தினெல்லா வகை உயிர்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. புழுவைப் போல் ஒடுங்கிய உடல் கொண்டவை. இவ்வகையின் முதல் உயிர் 1882ஆம் ஆண்டில் பிராக் நகரத்துக் கிணற்று நீரிலிருந்து விவரிக்கப்பட்டது. நம் நாட்டில் குண்டூரிலுள்ள ஆசார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தின் ஒய். ரங்கா ரெட்டியும் அவருடைய மாணவர்களும் ஆந்திரத்தின் ஆற்று மணலிலும் கிணறுகளிலும் இவ்வினத்தின் பல புதிய வகைகளைக் கண்டறிந்தனர்.

இரண்டாவது உயிர்வளி. ஒளி இல்லாத இடத்தில் தாவரம் இல்லை. தாவரம் இல்லாத நீரில் உயிர்வளி புதிதாக உண்டாவதில்லை. மழைநீர் மண்ணின் வழியே இறங்கும்போது கொண்டுவரும் உயிர்வளியே அங்குள்ள இருப்பு. நிலத்தடி உயிர்கள் குறைந்த உயிர்வளியில் வாழப் பழகியவை. அவற்றின் உடலியக்கம் மெதுவானது. எனினும் உயிர்வளி அறவே அற்ற நீரில் அவை நெடுநாள் தாங்குவதில்லை.

மூன்றாவது உணவு. மேல்மண்ணில் மக்கிய இலைதழைகளின் சாரம் மழைநீரில் கரைந்து கீழிறங்குகிறது. அதனை உண்டு பாறையின் மீதும் மணற்பரலின் மீதும் நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படர்கின்றன. அப்படலத்தைச் சிற்றுயிர்கள் மேய்கின்றன. அவற்றைச் சற்றே பெரிய உயிர்கள் உண்கின்றன. ஆகவே மேலே மரம் நிற்பதற்கும் கீழே மீன் வாழ்வதற்கும் தொடர்பு உண்டு. நீர்மட்டத்தை ஒட்டிய மேற்பகுதியில் உயிர்கள் மிகுந்தும், ஆழத்தில் அருகியும் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

நான்காவது மாறாத தன்மை. நிலத்தடி நீரின் வெப்பநிலை அவ்விடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டி, கோடையிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பகல் இரவு இல்லை; வெள்ளம் இல்லை; காற்று இல்லை. இந்த அமைதிக்குள் நெடுங்காலம் வாழ்ந்தவை கண்ணை இழந்தன, நிறத்தை இழந்தன. தொடு உணர்வும் நுகர்வு உணர்வும் அவற்றுக்குக் கூர்மையாயின. கோட்டயத்து மீன் சிவப்பாகத் தோன்றுவதற்குக் காரணம், நிறமற்ற தோலின் வழியே குருதி தெரிவதே.

இவ்வமைதி அவற்றின் வாழ்நாளையும் நீட்டியுள்ளது. தென்கிழக்கு ஐரோப்பியக் குகை நீரில் வாழும் 'ஓல்ம்' என்னும் கண்ணில்லா நீர்ப்பல்லி நூறாண்டையும் எட்டக்கூடும் என்று மதிப்பிட்டுள்ளனர். நீண்ட வாழ்வுக்கு ஒரு விலையும் உண்டு: இவ்வகை உயிர்கள் மெதுவாக முதிர்ந்து, சில குஞ்சுகளையே ஈனுகின்றன. ஒருமுறை குறைந்தால் அவை மீண்டும் பெருக நெடுங்காலம் ஆகும்.

கண்டத்தின் நினைவு

காசிக் கிணற்றில் கிடைத்த உயிரின் நெருங்கிய உறவினங்கள் வாழும் இடங்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவை. கடல் கடந்து செல்ல இயலாத ஒரு நன்னீர்ச் சிற்றுயிர் இத்தனை நாடுகளில் எவ்வாறு பரவியது? அது பரவவில்லை, நிலங்களே பிரிந்தன. இந்நிலப்பகுதிகள் யாவும் கோண்டுவானா என்னும் ஒரே பெருங்கண்டமாக இருந்த காலத்தில் அதன் மூதாதையர் அங்கு வாழ்ந்தனர். இந்தியா பிரிந்து வடக்கே நகர்ந்தபோது அவையும் உடன்வந்தன. மேலே காடுகள் மாறின, விலங்குகள் மாறின, பேரரசுகள் எழுந்து வீழ்ந்தன. கீழே அவை இருந்தவாறே இருந்தன.

இவ்வுயிர்களைக் கண்டறிவதில் பொதுமக்களுக்கும் பங்குண்டு. 2018ஆம் ஆண்டுப் பெருமழைக்குப் பின் மலப்புறத்து வயல் ஒன்றில் தென்பட்ட விந்தையான விரால் வகை மீன், அடுத்த ஆண்டே 'எனிக்மசன்னா கோலம்' என்று பெயர் பெற்றது. கோழிக்கோட்டுக் கிணற்றில் கிடைத்த செந்நிற மீன், புஜியா என்னும் வடநாட்டுத் தின்பண்டத்தை ஒத்திருந்ததால் 'பாஞ்சியோ புஜியா' ஆயிற்று. 2023ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட மற்றொரு கண்ணில்லாக் கெளுத்திக்கு 'ஹோராகிளானிஸ் பாப்புலி' என்று பெயர் சூட்டினர். 'மக்களுடையது' என்பது அதன் பொருள். கிணற்று வாளியிலும் குழாய் வாயிலும் தென்பட்ட மீனைத் தூக்கி எறியாமல் ஆய்வாளர்களுக்குத் தெரிவித்த வீட்டுக்காரர்களுக்கு அறிவியல் செலுத்திய நன்றி அது.

நீர்மட்டம் இறங்கும்போது

கோட்டயத்தின் செம்புரைக்கல் வேறு. பெங்களூருவின் கருங்கல் வேறு. ஆயினும் நீர்தாங்கியின் விதிகள் இரண்டுக்கும் பொதுவானவை. நீர்மட்டம் மெதுவாக இறங்கினால் நிலத்தடி உயிர்களுள் சில அதனைப் பின்தொடர்ந்து இறங்கும். விரைவாக இறங்கினால் அவை ஈரமணலில் சிக்கிக்கொள்ளும். உலர்ந்த மணலில் அவற்றின் வாழ்நாள் மிகக் குறுகியது. பின்தொடர்ந்து இறங்கியவற்றுக்கும் முழு நலம் இல்லை. நைந்த பாறை அடுக்கு வறண்ட பின் எஞ்சுவன கெட்டிப் பாறையின் குறுகிய வெடிப்புகளே. அங்கு இடம் குறைவு, உணவு குறைவு, உயிர்வளியும் குறைவு. அகன்ற வீட்டில் வாழ்ந்த குடும்பம் நடைவழியில் குடியேறியது போன்ற நிலை அது.

2023ஆம் ஆண்டின் பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து 2024 கோடையில் பெங்களூரு கண்ட நெருக்கடியை வாசகர் மறந்திருக்க இயலாது. நகரின் ஏறக்குறைய 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளுள் பாதி வறண்டதாக அரசு அறிவித்தது. மாநிலத் துணை முதலமைச்சரே தம் இல்லத்துக் கிணறும் வறண்டதாகக் கூறினார். தண்ணீர் லாரிகளுக்காக அடுக்குமாடிக் குடியிருப்புகள் காத்துக் கிடந்தன. அவ்வாண்டு அக்டோபரில் காவிரியின் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பெற்று, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீர் கூடுதலாக வர வழி ஏற்பட்டது. ஆனால் அந்நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டு வருவது. காலடியில் ஊறிய நீருக்கு அது முழு மாற்றாகாது.

நீரின் அளவைப் போலவே அதன் தூய்மையும் வாழ்வைத் தீர்மானிக்கிறது. கழிவுநீர் கசிந்தால் உணவுச் சத்து அளவுக்கு மீறி இறங்குகிறது; நுண்ணுயிர்கள் பெருகி உயிர்வளியை உண்டு தீர்க்கின்றன. நைட்ரேட் மிகுகிறது. கண்ணில்லா உயிர்கள் ஒடுங்க, சாக்கடை நீருக்குப் பழகிய மேற்பரப்பு உயிர்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. பாழடைந்த கிணற்றைக் குப்பைக் குழியாகவும் கழிவுநீர்த் தொட்டியாகவும் மாற்றுவோர், நஞ்சை நேரே நீர்தாங்கிக்குள் செலுத்துகின்றனர். கொசுப்புழுவை ஒழிக்கக் கிணறுகளில் விடப்படும் கம்பூசியா, கப்பி ஆகிய அயல்நாட்டு மீன்களும், அளவின்றிக் கொட்டப்படும் பிளீச்சிங் பவுடரும் இச்சிற்றுயிர்களுக்கு இடையூறே. கொசுவைத் தடுக்கக் கிணற்று வாயை நுண்வலையால் மூடுவது இருதரப்புக்கும் நன்று.

அவை இருந்தால் நமக்கென்ன?

கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பது இயல்பே. நிலத்தடி நீர் தெளிவாக இருப்பது பாறை வடிகட்டுவதால் மட்டுமன்று. கரைந்து வரும் மாசை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அந்நுண்ணுயிர்ப் படலம் தடித்து இடைவெளிகளை அடைத்துவிடாதபடி சிற்றுயிர்கள் அதனை மேய்கின்றன. அவற்றின் ஊர்தலால் மணலின் வழிகள் திறந்திருக்கின்றன. ஊதியம் பெறாத துப்புரவுப் பணியாளர்கள் என்று அவற்றைக் கூறலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கிணற்றில் காணும் சிற்றுயிர் ஒவ்வொன்றும் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. படிக்கிணறுகளிலும் குளங்களிலும் வாழ்ந்த சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணுயிரியின் வழியே நரம்புச் சிலந்தி நோய் பரவியது. நீரை வடிகட்டிப் பருகும் பழக்கத்தாலும் படிக்கிணறுகளை மாற்றியமைத்ததாலும் அந்நோய் ஒழிந்து, 2000ஆம் ஆண்டில் இந்தியா அதிலிருந்து விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டது. கண்ணில்லா நிலத்தடி உயிர்களின் இருப்பு, நீரில் உயிர்வளி உண்டு, கடும் நஞ்சு இல்லை என்பதற்கு அறிகுறி. காய்ச்சாமல் பருகலாம் என்பதற்குச் சான்றிதழ் அன்று. நீரைச் சோதித்து, காய்ச்சிப் பருகுவதே முறை.

பிற நாடுகள் சில இவ்வுயிர்களுக்குச் சட்டத்தில் இடமளித்துள்ளன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எட்வர்ட்ஸ் நீர்தாங்கியைச் சார்ந்த அரிய உயிர்களைக் காக்க வேண்டித் தொடரப்பட்ட வழக்கின் விளைவாக, 1993இல் அந்நீர்தாங்கிக்கென்றே தனி ஆணையம் உருவாயிற்று. யார் எவ்வளவு நீர் இறைக்கலாம் என்பதற்கு வரம்பு வந்தது. சான் அன்டோனியோ மாநகரின் குடிநீருக்கும் அவ்வரம்பே காப்பாயிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கம் தோண்டுமுன் நிலத்தடி நீரின் உயிர்களை ஆராய்ந்து அறிக்கை அளிக்க வேண்டியுள்ளது. சிற்றுயிருக்கென இட்ட வேலி மனிதருக்கும் வேலியானது.

முதலும் வட்டியும்

வங்கியோடு பழகிய நமக்கு முதல், வட்டி என்னும் சொற்கள் புதியனவல்ல. ஆண்டுதோறும் மழை நிலத்துக்குள் இறக்கும் நீர் வட்டி. பாறையில் காலங்காலமாகச் சேர்ந்திருப்பது முதல். வட்டிக்குள் செலவிடும்வரை கணக்கு நிலைத்திருக்கும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஒரு பகுதியை 'மிகையாகச் சுரண்டப்பட்டது' என்று வகைப்படுத்துவதன் பொருள், அங்கு ஆண்டு வரவைவிட ஆண்டுச் செலவு மிகுதி என்பதே. பெங்களூரு நகர மாவட்டமும் அண்டையிலுள்ள கோலாரும் அவ்வகையில் இடம்பெற்றவை. கடன் பெற்று மேலும் ஆழமாகத் துளையிடுவது வருவாயைப் பெருக்குவதன்று. முதலை விரைந்து கரைப்பதே. அம்முதலில் நம்மோடு பங்குடையோர் கீழே வாழ்கின்றனர்.

வரவைப் பெருக்க வழி உண்டு. பெங்களூருவின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 970 மில்லிமீட்டர். நகரில் பலரும் அறிந்த முப்பதுக்கு நாற்பது மனையின் பரப்பு 1,200 சதுர அடி. அதன்மீது ஓராண்டில் விழும் மழை ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 85,000 லிட்டர் எஞ்சும். 2009ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பெங்களூருவில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மண்ணு வட்டர் எனப்படும் மரபுவழிக் கிணறு தோண்டுநர்களைக் கொண்டு நகரில் பத்து லட்சம் நீர்செறிவுக் கிணறுகளை அமைக்கும் இயக்கத்தை பயோம் சுற்றுச்சூழல் அறக்கட்டளை நடத்தி வருகிறது. கப்பன் பூங்காவின் பழங்கிணறுகள் தூர்வாரப்பட்டு மீண்டும் ஊறின. தலைமுறைகளாக மண்ணின் குணத்தைக் கைகளால் அறிந்த தொழிலாளரின் அறிவுக்கு அதனால் மதிப்பும் வேலையும் கிடைத்தன.

நீரை மண்ணுக்குள் இறக்குவோர் சிலவற்றை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டு, பின்வரும் கூரை நீரை மணலும் சரளையும் கொண்ட வடிகட்டியின் வழியே செலுத்துக. வாகன நிறுத்தத்தின் எண்ணெய் நீரும் சாக்கடை நீரும் அக்கிணற்றை அணுகலாகாது. கூரை நீரை வடிகட்டாமல் ஆழ்துளைக் கிணற்றுக்குள் நேரே விடுவதைத் தவிர்க்க. மேலடுக்கின் வழியே மெல்ல இறங்கும் நீரே தூய்மையடைந்து செல்லும். பயன்படாத ஆழ்துளைக் கிணற்றை உறுதியாக மூடுக. குழந்தைகளின் உயிருக்கும் நீரின் தூய்மைக்கும் அது காப்பு. வீட்டின் பழைய கிணறு நீரின்றி இருப்பினும் அதனைத் தூர்க்க வேண்டா. இன்று வறண்ட கிணறு, நாளை மழையை உள்வாங்கும் வாயிலாகும்.

அடுத்த மழையில் நம் கூரையிலிருந்து வழியும் நீர் அவ்வாயில் வழியே இறங்கி, நைந்த பாறையை நனைத்து, உயிர்வளியையும் சிறிதளவு உணவையும் இருளுக்குள் கொண்டுசெல்லும். கோடையில் அதனை நாம் இறைத்துக்கொள்வோம். மழைக்கும் கோடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் அந்நீரைக் காத்துத் தருவோர் கீழே இருக்கின்றனர். அவர்களுக்கும் சேர்த்தே நாம் சேமிக்கிறோம்.